பழைய கணிப்பொறிக்குப் புதிய கிராபிக்ஸ் கார்டு

உத்தியோகத்தின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நம்மனோர் இல்லங்களில், சாமான் ஒவ்வொன்றும் இருவகைக் கணக்கிற்கு உட்பட்டது. வாங்கும் பொழுது பணக் கணக்கு. மாற்றல் உத்தரவு வரும் பொழுது லாரிக் கணக்கு. இவ்விரண்டிலும் தப்பிப் பிழைத்து, நகரம் நகரமாக நம்முடன் வந்து, கூடத்து மூலையில் ஒரு மேசையைத் தனக்கென உரிமையாக்கிக் கொண்டிருப்பது கணிப்பொறி. ஏழு ஆண்டுகளுக்கு முன்னோ பத்து ஆண்டுகளுக்கு முன்னோ வாங்கியது, இன்றும் ஓடுகிறது, ஆனால் முன்போல் ஓடவில்லை.

இந்நிலையில், கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மகளோ, மேல்வகுப்பில் பயிலும் மகனோ, "நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கிப் போட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும்" என்று கூறுவதைப் பல பெற்றோர் கேட்டிருப்பர். விலையை விசாரித்தவுடன் தந்தைக்குத் திகைப்பு உண்டாகிறது. அத்துணைப் பணத்திற்குச் சிறிது கூட்டிப் போட்டால் புதிய பொறியே வாங்கலாமே என்பது தாயின் எண்ணம். பிள்ளைகள் விளையாட்டிற்காகக் கேட்கின்றனரா, படிப்பிற்காகக் கேட்கின்றனரா என்ற ஐயமும் இடையே எழுகின்றது.

மூவர் கூற்றிலும் உண்மை உண்டு. எவ்வீட்டிற்கு எது பொருந்தும் என்று அறிவதற்கு ஒரு முறை இருக்கின்றது. அம்முறையை எளிய தமிழில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கார்டின் தொழில்

மானிட்டரில் நாம் காணும் படம் நுண்ணிய ஒளிப்புள்ளிகளால் ஆனது. வீடுகளில் பெரிதும் காணப்படும் மானிட்டரில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் 20,73,600 ஆகும். உருவங்கள் தடையின்றி அசைவனபோல் தோன்றவேண்டுமாயின், இப்புள்ளிகள் அனைத்தும் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படல் வேண்டும். அதாவது ஒரு நொடியில் 12 கோடியே 44 லட்சத்து 16 ஆயிரம் புள்ளிகளுக்கு நிறம் தீர்மானிக்கப்பட வேண்டும். முப்பரிமாணக் காட்சியாயின், ஒளி எங்கிருந்து விழுகிறது, நிழல் எங்கே படிகிறது, எப்பொருள் எதனை மறைக்கிறது என்பனவற்றையும் கணக்கிட்ட பிறகே ஒரு புள்ளியின் நிறம் முடிவாகும்.

கணிப்பொறியின் மூளை என்று நாம் கூறும் பிராசசர் இக்கணக்கைச் செய்ய இயலாததன்று. ஆயின் அது அதற்கு ஏற்ற வேலையாள் அன்று. கல்யாண வீட்டுச் சமையலை எண்ணிப் பாருங்கள். தலைமைச் சமையற்காரர் எத்தொழிலும் வல்லவர்; பக்குவமும் அறிவார், அளவும் அறிவார். எனினும் ஐந்நூறு இலைக்குக் காய் நறுக்க அவர் ஒருவரை உட்காரவைத்தால் முகூர்த்தம் தவறிவிடும். அவ்வேலைக்கு ஒரே தொழிலைச் சலியாமல் செய்யும் பல கைகள் வேண்டும். பிராசசர் சில வல்லுநர்களைக் கொண்ட குழு. கிராபிக்ஸ் கார்டு பல நூறு, பல ஆயிரம் சிறு கணக்கர்களைக் கொண்ட கூட்டம்.

1996ஆம் ஆண்டில் வெளிவந்த வூடூ என்னும் கார்டு இத்தொழிலை வீட்டுக் கணிப்பொறிகளில் பரப்பியவற்றுள் ஒன்று. 1999இல் என்விடியா நிறுவனம் ஜீபோர்ஸ் 256 என்ற கார்டை வெளியிட்டபொழுது, அதிலிருந்த சில்லிற்கு ஜி.பி.யு. என்று பெயரிட்டு விளம்பரம் செய்தது. அப்பெயரே இன்று பொதுப்பெயராகிவிட்டது. விளையாட்டிற்கென வளர்ந்த இக்கருவி பின்னர்க் கட்டட வரைபடம், அசைவுப்படம், வீடியோத் தொகுப்பு, அறிவியற் கணக்கு, செயற்கை நுண்ணறிவு ஆகிய துறைகளிலும் இன்றியமையாததாயிற்று. எனவே பிள்ளைகள் கார்டு கேட்டவுடன் அதனை விளையாட்டு ஆசையென்றே ஒதுக்கிவிடுதல் நியாயமாகாது.

கார்டிற்கெனத் தனி நினைவகமும் உண்டு. அடுப்பருகே கைக்கெட்டும் அலமாரி போன்றது அது. வேண்டிய சாமான் அனைத்தும் அதில் அடங்கிவிட்டால் வேலை விரைந்து நடக்கும். அடங்காவிடில் ஒவ்வொன்றிற்கும் பின்கட்டு அறைக்கு ஓடவேண்டும். 2 ஜி.பி. நினைவகமுள்ள பழைய கார்டுகள் இன்று தடுமாறுவதற்கு இதுவே முதற்காரணம். முப்பரிமாண வேலைகளுக்கு 8 ஜி.பி.யும் அதற்கு மேலும் இருத்தல் நலம்.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டா?

முதலில் ஓர் உண்மையைத் தெளிவாக உணர்தல் வேண்டும். கணிப்பொறி மந்தமாவதற்குக் கிராபிக்ஸ் கார்டு காரணமாக இருப்பது பத்து வீடுகளுள் எல்லா வீட்டிலும் அன்று. பொத்தானை அழுத்திய பிறகு பல நிமிடம் காத்திருக்க நேர்கின்றதா? ஒரு கோப்பைத் திறப்பதற்குள் காப்பி ஆறிவிடுகின்றதா? குற்றம் சுழலும் ஹார்டு டிஸ்கினுடையது. அதனை நீக்கி எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினால், பழைய பொறியும் மறுபிறவி எடுத்தாற்போல் இயங்கும். பல பக்கங்களை ஒருங்கே திறந்தவுடன் திணறுகின்றதாயின், குறைவு நினைவகத்தில், 4 ஜி.பி.யை 8 ஆகவோ 16 ஆகவோ உயர்த்தினால் போதும். ஊரிலுள்ள பாட்டியுடன் முகம் பார்த்துப் பேசுவதற்கும், கடிதம் எழுதுவதற்கும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்வதற்கும் தனிக் கார்டு வேண்டுவதில்லை. பிராசசருடன் இணைந்து வரும் கிராபிக்ஸே இவற்றிற்குப் போதுமானது.

முப்பரிமாண வரைபடம் சுழற்றும்பொழுது தட்டுத்தடுமாறுதல், அசைவுப்படத்தின் ஒரு காட்சியை உருவாக்க மணிக்கணக்காதல், விளையாட்டில் படம் விட்டுவிட்டு வருதல், இயந்திரக் கற்றல் பயிற்சி முடிவின்றி நீளுதல் ஆகியவையே கார்டின் குறையைக் காட்டும் அறிகுறிகள். இதனைச் சோதித்தறிதல் எளிது. வேலை நடக்கும்பொழுது விண்டோஸில் டாஸ்க் மானேஜரைத் திறந்து, கார்டின் உழைப்பையும் பிராசசரின் உழைப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கார்டு நூற்றுக்கு நூறை எட்டிப் பிராசசர் ஓய்வாக இருப்பின், புதிய கார்டு பயன் தரும். பிராசசர் மூச்சிரைக்கக் கார்டு சும்மா இருப்பின், எத்துணை விலையுயர்ந்த கார்டை வாங்கினும் பணம் வீணே. நறுக்குவோர் நூறு பேரிருந்தும் காய் எடுத்துக் கொடுப்பவர் ஒருவரே என்றால் சமையல் விரையுமா?

பெட்டியைத் திறந்து பாருங்கள்

கடைக்குச் செல்லுமுன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. மின்இணைப்பை அறவே நீக்கிவிட்டு, கணிப்பொறிப் பெட்டியின் பக்கத் தகட்டைத் திருப்புளியால் திறந்து, பின்வரும் செய்திகளைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

முதலாவது, இடம். மதர்போர்டில் கார்டு பொருந்தும் நீண்ட துளைக்குப் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்று பெயர். அது இருந்தால் மட்டும் போதாது. அதற்கு முன்னே எத்தனை சென்டிமீட்டர் நீளம் வெற்றிடமாக உள்ளது என்று அளவுகோல் வைத்து அளக்க வேண்டும். அலுவலகங்களுக்கென விற்கப்பட்ட ஒல்லியான பெட்டிகளில் உயரங்குறைந்த கார்டுகளே நுழையும்.

இரண்டாவது, மின்சாரம். பிழைகள் மிகுதியாக நேர்வது இவ்விடத்திலேயே. ஆதலின் சற்று விரிவாகக் காண்போம். மதர்போர்டின் துளை வழியாகக் கார்டிற்கு 75 வாட் வரை மின்சாரம் கிடைக்கும். அதற்குமேல் உண்ணும் கார்டுகளுக்கு எஸ்.எம்.பி.எஸ். என்று நாம் அழைக்கும் மின்பெட்டியிலிருந்து தனிக் கம்பி வரவேண்டும். ஆறு முனைக் கம்பி 75 வாட்டும், எட்டு முனைக் கம்பி 150 வாட்டும் தரவல்லவை.

மலிவான காபினெட்டுடன் இலவசம்போல் வந்த எஸ்.எம்.பி.எஸ். மீது "450 வாட்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கலாம். அதனை அப்படியே நம்பிவிடலாகாது. அதன் பக்கத்தில் ஒட்டியுள்ள அட்டவணையில் 12 வோல்ட் என்பதற்கு நேரே எத்தனை ஆம்பியர் எனப் பாருங்கள். 18 ஆம்பியர் என்றிருந்தால், பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்க 216 வாட்டே வரும். பிராசசரும் கார்டும் உண்பது பெரும்பாலும் இப்பகுதியிலிருந்துதான். 65 வாட் பிராசசர், 130 வாட் கார்டு, பிற உறுப்புகளுக்கு ஏறக்குறைய 50 வாட் எனக் கூட்டினால் 245 ஆகிறது. 216இல் 245 எவ்வாறு அடங்கும்? அத்தகைய பொறி திடீரென அணைந்துபோவதில் வியப்பில்லை. உறுப்புகள் எரிந்துபோதலும் கூடும். கார்டிற்குரிய கம்பி இல்லையே என்று டிஸ்கிற்குரிய சாட்டா கம்பியில் மாற்று இணைப்பு வைத்துக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. சாட்டா முனை 12 வோல்ட்டில் 54 வாட் மட்டுமே தாங்கும்படி அமைந்தது. 75 வாட்டை அதன்வழி இழுத்தால் முனை உருகும். இதனை ஒருபொழுதும் ஏற்கலாகாது.

மூன்றாவது, மானிட்டரின் துளை. பழைய மானிட்டர்கள் பலவற்றில் நீல நிற வி.ஜி.ஏ. துளை ஒன்றே இருக்கும். புதிய கார்டுகளில் அத்துளை இல்லை, எச்.டி.எம்.ஐ.யும் டிஸ்ப்ளே போர்ட்டுமே உள்ளன. இரண்டையும் இணைக்கச் சாதாரணக் கம்பி பயன்படாது. சமிக்ஞையை மாற்றித்தரும் சிறு கருவி வேண்டும். அதற்கான செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுதல் முறை.

நான்காவது, மதர்போர்டின் வயது. மிகப் பழைய போர்டுகளில் யு.இ.எப்.ஐ. என்னும் தொடக்க மென்பொருள் இராது. அவற்றில் புதிய கார்டைப் பொருத்தினால் திரை இருண்டே இருத்தல் உண்டு. மற்றொரு நுட்பமும் உண்டு. கார்டிற்கும் போர்டிற்கும் இடையிலுள்ள பாதை பதினாறு வழிகளைக் கொண்டது. விலையைக் குறைக்கும் பொருட்டுச் சில புதிய கார்டுகள் அவற்றுள் எட்டு வழிகளையோ நான்கு வழிகளையோ மட்டும் பயன்படுத்துகின்றன. 2022இல் வெளிவந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. நான்கு வழிக் கார்டு. புதிய போர்டில் அது குறையின்றி ஓடும்; பழைய மூன்றாம் தலைமுறைப் போர்டில் ஒவ்வொரு வழியும் பாதி அகலமே ஆதலின், வேகம் கண்கூடாகக் குறைகின்றது. இன்டெல் நிறுவனத்தின் ஆர்க் கார்டுகளோ, ரீசைசபிள் பார் என்னும் வசதி உள்ள பொறியிலேயே முழுத்திறன் காட்டும். பழைய பொறிகள் பலவற்றில் அவ்வசதி இல்லை. புதியது யாவும் பழையதற்குப் பொருந்தும் என்று எண்ணலாகாது என்பதற்கு இவை சான்று.

மின்பெட்டியை மாற்ற மனமில்லாதவர்களுக்கும் வழி இல்லாமற் போகவில்லை. 2019இல் வெளிவந்த ஜி.டி.எக்ஸ். 1650இல் பல வகைகளும், 2024இல் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 3050 6 ஜி.பி. வகையும் 75 வாட்டிற்குள் அடங்குவன. தனிக் கம்பி வேண்டாதன. வாங்கும் கார்டில் கம்பித் துளை இருக்கிறதா என்று மட்டும் பெட்டியைப் பார்த்து உறுதி செய்துகொள்க.

கடைத்தெருவில்

டெல்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லாமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, கொல்கத்தாவில் சாந்தினி சௌக், செகந்திராபாத்தில் செனாய் டிரேட் சென்டர், நம் சென்னையில் ரிச்சி தெரு. கணிப்பொறி உறுப்புகளுக்கு இவை பேர்பெற்ற சந்தைகள். ஒரே தெருவில் பல கடைகள் இருத்தலின், நான்கைந்து இடங்களில் விசாரித்த பின்னரே வாங்குதல் வேண்டும். குறித்துவைத்த காகிதத்தைக் கடைக்காரரிடம் காட்டினால், மொழி நன்கு பழகாத நம் அன்பர்க்கும் பேச்சு எளிதாகும், ஏமாறுதலும் குறையும்.

"பில் வேண்டாமென்றால் விலை குறைத்துத் தருகிறோம்" என்ற சொல் இச்சந்தைகளில் காதில் விழுவதுண்டு. கிராபிக்ஸ் கார்டிற்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு; ஆதலால் அச்சொல் இனிமையாகவே ஒலிக்கும். ஆயினும் பில் இல்லாவிடில் வாரண்டியைக் கேட்கும் உரிமை தளர்ந்துவிடும். மாற்றலாகி வேறு நகரம் செல்லும் குடும்பத்திற்கோ, விற்ற கடைக்காரரைத் தேடிவர இயலாது. உற்பத்தி நிறுவனத்தின் சேவை நிலையத்தையே நாட வேண்டும். அங்கே முதலில் கேட்பது பில்லையும் வரிசை எண்ணையுமே. பில்லில் அவ்வரிசை எண் எழுதப்பட்டிருத்தல் அவசியம்.

பழைய கார்டை மலிவாக வாங்கலாமா என்று பலர் வினவுவர். 2021ஆம் ஆண்டில் கிரிப்டோ நாணயம் தோண்டுவோர் கார்டுகளை வாங்கிக் குவித்தமையால் சந்தையில் பெரும் பஞ்சம் உண்டாயிற்று. 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டபின் அவ்வேலைக்குக் கார்டு தேவையற்றதாயிற்று. இரவுபகலாக உழைத்த கார்டுகள் பழைய பொருட்சந்தைக்கு வந்தன. அவை யாவும் கெட்டவை அல்ல. எனினும் விசிறியும் நினைவகமும் தேய்ந்திருத்தல் கூடும். ஆதலால் பழைய கார்டைக் கண்முன் ஓடவிட்டு, அரைமணி நேரமாவது கடும் வேலை கொடுத்து, வெப்பத்தையும் விசிறியின் ஓசையையும் திரையில் கோடு புள்ளி தோன்றுகிறதா என்பதனையும் பார்த்தே வாங்க வேண்டும். அங்ஙனம் காட்ட மறுப்பவரிடம் வாங்காமலிருப்பதே அறிவுடைமை.

வயதும் கவனிக்கத்தக்கது. என்விடியா நிறுவனம் தன் ஜி.டி.எக்ஸ். 900, 1000 வரிசைக் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கேற்ற டிரைவர் தருவதை 2025 அக்டோபருடன் முடித்துக்கொண்டு, 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வழங்குவதாக அறிவித்தது. இவ்வரிசைக் கார்டு ஓடாது என்பதன்று இதன் பொருள். அதற்கு இன்று கொடுக்கும் விலை குறைவாக இருக்கவேண்டும் என்பதே.

இரண்டு இல்லங்கள்

கூறியவற்றை எடுத்துக்காட்டால் விளக்குவோம். 2019இல் வாங்கிய பொறி ஒரு வீட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இன்டெல் ஒன்பதாம் தலைமுறைப் பிராசசர், 16 ஜி.பி. நினைவகம், எஸ்.எஸ்.டி., தரமான 500 வாட் மின்பெட்டி, 2 ஜி.பி. உடைய சிறு கார்டு. மகள் அசைவுப்படக் கலை பயில்கின்றாள். பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளில் பயிற்சி செய்கின்றாள். அம்மென்பொருளுக்குப் பரிந்துரைக்கப்படும் கார்டு நினைவகம் 8 ஜி.பி. இவ்வீட்டில் கார்டை மாற்றுவது நூற்றுக்கு நூறு தக்க செலவு. ஏனைய உறுப்புகள் யாவும் நல்ல நிலையில் உள்ளன, குறை ஒன்றே, அதனை நீக்கினால், இரவு முழுதும் உருவாகிக்கொண்டிருந்த காட்சி விடியுமுன்னரே முடிந்துவிடும். அவளுடைய படிப்புக்காலம் முழுவதும் அப்பொறி துணைநிற்கும்.

மற்றொரு வீட்டில் 2014இல் வாங்கிய பொறி. நான்காம் தலைமுறைப் பிராசசர், 4 ஜி.பி. நினைவகம், ஹார்டு டிஸ்க், வி.ஜி.ஏ. மானிட்டர், மலிவு மின்பெட்டி. மகனுக்கோ கட்டடக்கலைக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கின்றது. இங்கே கார்டு வாங்கினால் அதனுடன் மின்பெட்டியும் வேண்டும், நினைவகமும் வேண்டும், எஸ்.எஸ்.டி.யும் வேண்டும், மானிட்டர்க் கருவியும் வேண்டும். அத்தனையும் செய்த பின்னும் பிராசசர் பின்தங்கியே நிற்கும். மேலும் விண்டோஸ் 10க்குரிய பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. விண்டோஸ் 11க்கோ, இன்டெல் பிராசசராயின், பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும் என்பது மைக்ரோசாப்ட் விதி. கிராபிக்ஸ் கார்டு எதுவும் இத்தடையை நீக்காது. எனவே இவ்வீட்டார் மகனுக்கெனப் புதிய பொறிக்குப் பணம் சேர்ப்பதே முறை. பழைய பொறியில் சிறு செலவில் எஸ்.எஸ்.டி.யும் நினைவகமும் சேர்த்து, லினக்ஸ் நிறுவினால், அது இளைய பிள்ளைக்கும் வீட்டுக் கணக்கிற்கும் மேலும் பல நாள் உதவும்.

இரண்டு இல்லங்களுக்கும் நடுவே நிற்பவர் பலர். அன்னார்க்கு ஒரு விதி கூறலாம்: எந்த உறுப்பு அடுத்த பொறிக்கும் கூட வருமோ, அதில் பணத்தைப் போடுங்கள். நல்ல மின்பெட்டி, கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எஸ்.டி., மானிட்டர் ஆகியவற்றைப் புதிய பொறிக்கு மாற்றிக்கொள்ளலாம். பழைய வகை நினைவகமும், பழைய போர்டிற்குரிய பிராசசரும் பெரும்பாலும் அங்ஙனம் மாறா. அவற்றிற்காகப் பெருந்தொகை செலவிடுதல் வாடகை வீட்டிற்கு மாடி கட்டுவதை ஒக்கும். வாடகை வீட்டில் வாழ்ந்து பழகிய நமக்கு இவ்வேறுபாட்டை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

2025ஆம் ஆண்டின் இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியது. செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் அவற்றைப் பெருமளவில் வாங்கியமையே அதற்குக் காரணம். புதிய பொறியின் விலை எவ்வாறிருப்பினும், வாங்கும் நாளன்று இருவகைச் செலவையும் அருகருகே எழுதிப் பார்த்தலே நேர்மையான கணக்கு. திருத்தும் செலவு புதிய பொறியின் விலையிற் பாதியைத் தாண்டுமாயின் நின்று யோசிக்க வேண்டும்.

பொருத்தும் முறை

கார்டைப் பொருத்துவது கடினமான வேலையன்று; பொறுமை ஒன்றே வேண்டும். பொறியை அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து உருவி, மின்பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தைப் போக்குக. பெட்டியைப் படுக்கவைத்து, அதன் உலோகச் சட்டத்தைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்சாரத்தை நீக்கிக்கொள்க. டெல்லிக் குளிர்காலத்தில் கம்பளி உடுத்திக்கொண்டு இவ்வேலையில் இறங்குவோர் இதனை மறத்தலாகாது. பழைய கார்டின் திருகாணியைக் கழற்றி, துளையின் கோடியிலுள்ள கொக்கியை அழுத்தி, நேராக மேலே இழுத்தால் அது வந்துவிடும். புதியதனை அவ்விடத்தில் வைத்து, கொக்கி "டக்" என்று விழும்வரை சீராக அழுத்தித் திருகாணியை முடுக்குக.

இனிக் கம்பி. பிராசசருக்குரிய எட்டு முனைக் கம்பியும் கார்டிற்குரிய எட்டு முனைக் கம்பியும் பார்வைக்கு இரட்டையர் போன்றவை. ஆனால் உள்ளே வேறு. முன்னது நான்கும் நான்குமாகப் பிரியும். பின்னது ஆறும் இரண்டுமாகப் பிரியும். வலிந்து திணித்தால் கார்டும் போர்டும் அழியும். இறுதியாக, மானிட்டர்க் கம்பியை மதர்போர்டின் துளையில் செருகாமல் கார்டின் துளையில் செருகுக. பொறி துவங்கியதும் உற்பத்தி நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை நிறுவிக்கொள்ளலாம்.

பெட்டியைத் திறந்த கையோடு உள்ளே படிந்த தூசியையும் துடைத்துவிடுங்கள். வடநாட்டுக் கோடையில் அறையின் வெப்பமே 40 டிகிரியைத் தொடும் நாளுண்டு. தூசியால் மூச்சடைத்த கார்டு சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வீட்டிலுள்ள 600 வி.ஏ. யு.பி.எஸ். பலவும் ஏறக்குறைய 360 வாட்டையே தாங்கும் என்பதனையும் நினைவிற் கொள்க. மின்கட்டணமும் ஒரு கணக்கே: 130 வாட் கார்டு நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் முழுவேகத்தில் உழைத்தால், முப்பது நாளில் 15.6 யூனிட் கூடும்.

மாற்றலாகிச் செல்வோர்க்கு

கனமான கார்டை அதன் துளையிலேயே விட்டு லாரியில் ஏற்றுதல் ஆகாது. வழியெல்லாம் குலுங்கும் குலுக்கலில் கார்டின் எடை துளையை வளைத்துப் பிளந்துவிடும். ஒரு கார்டைக் காப்பாற்றப் போய்ப் போர்டையும் இழக்க நேரும். மூட்டை கட்டுமுன் கார்டைக் கழற்றி, அது வந்த நிலைமின் தடுப்பு உறையில் இட்டு, அதன் பெட்டியிலேயே வைத்து, பில்லுடன் கைப்பையில் எடுத்துச் செல்லுதல் சிறந்தது. ஆதலால் வாங்கிய அன்றே காலிப் பெட்டியைப் பழைய காகிதக்காரரிடம் போட்டுவிடலாகாது.

கழற்றிய பழைய கார்டு நல்ல நிலையில் இருந்தால், அதனினும் எளிய பொறி வைத்திருக்கும் குடும்பம் ஒன்று நம் சங்கத்திலேயே இருக்கக்கூடும். கெட்டுப்போனதாயின் குப்பைத் தொட்டியில் எறியாமல், பதிவு பெற்ற மின்கழிவு நிலையத்தில் சேர்ப்பிக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள், விற்ற பொருளின் கழிவிற்கு உற்பத்தியாளரையே பொறுப்பாக்குகின்றன. அவற்றில் ஈயம் முதலிய நச்சுப்பொருள்கள் இருத்தல் கூடும். திறந்தவெளியில் அவற்றை எரித்துச் செம்பெடுக்கும் ஏழைக் கைகளைப் புண்படுத்துவதும் அவையே.

பிள்ளை ஒரு கருவி கேட்கும்பொழுது, "உண்டு" என்பதும் "இல்லை" என்பதும் இரண்டு எளிய விடைகள். மூன்றாவது விடை ஒன்று உண்டு. "வா, பெட்டியைத் திறந்து பார்ப்போம்" என்பதே அது. பெற்றோரும் பிள்ளையும் ஒருங்கே அமர்ந்து, அளவுகோலும் காகிதமும் கொண்டு மேற்கூறிய கணக்கைப் போட்டுப் பார்த்தால், வாங்க நேரினும் வாங்காமல் விட நேரினும் அம்முடிவு வீட்டார் அனைவர்க்கும் உரியதாகும். ஆயிரம் கல் தொலைவிலிருந்து வந்து, சிக்கனத்தாலும் ஒற்றுமையாலும் இல்லம் அமைத்துக்கொண்ட நம் குடும்பங்களுக்கு இம்முறை புதிதன்று. பழகிய முறையைப் புதிய பொருளுக்கும் பயன்படுத்துவோமாக.